எஞ்சின் ஓடும்போது சொன்னவை

1. சிதம்பரத்தில் பி.இ. எலக்ட்ரானிக்ஸ் முடித்தேன். சென்னைக்குப் போகாமல் இங்கேயே ஒரு சமுதாயக் கல்லூரியில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் பாடம் எடுக்கச் சேர்ந்தேன்.

2. மறு ஆண்டு, பாடம் எடுப்பதை நிறுத்தச் சொல்லி, பாடம் எடுப்பவர்களுக்கு உதவும் வேலையில் போட்டார்கள். பதவியின் பெயர் பணியாளர் மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர். பெயர்ப்பலகையில் அது அடங்காததால் ‘மேம்பாடு’ என்று மட்டும் எழுதிக் கதவில் மாட்டினார்கள்.

3. சிதம்பரம் கிளைக்கும் கடலூர் முதுநகர் கிளைக்கும் பஸ்ஸில் போய்வந்தேன்.

4. ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை அவர்களிடம் சொன்னேன்.

5. கடலூர் கிளையில் போட் எஞ்சின் பாடம் எடுத்த ஹமீது பாயிடம் ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் சரி என்றார். எதுவும் மாறவில்லை.

6. அவரை வேலையிலிருந்து நிறுத்துவது என்று பேச்சு வந்தது.

7. இந்த ஆண்டு என் பதவியை எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் பயிற்சி இப்போது போனில் வீடியோவாக வருகிறது.

இவற்றில் ஐந்தையும் ஆறையும் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். மற்றவை எந்த வேலையிலும் நடப்பவை.

இது ஓய்வு பெற்றவர்கள் எழுதும் வகைக் கட்டுரை. எனக்கு அந்த வயது ஆகவில்லை. நான் பார்த்த வேலைதான் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது வீடியோக்களைக் கவனித்துக்கொள்ளும் பிரியா ஒருநாள் என்னைப் பார்க்க வந்தபோது, “இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி நீங்க என்னதாங்க்கா பண்ணீங்க? சும்மா க்ளாஸ்ல போய் ஒக்காருவீங்களாமே” என்று கேட்டாள். சும்மா உட்காருவதற்கும் எங்களிடம் ஒரு முறை இருந்தது. அந்த முறையிலேயே ஒரு கோளாறும் இருந்தது. இரண்டையும் அவளுக்குச் சொன்னேன். எழுதியும் வைக்கலாம் என்று தோன்றியது.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்தாவது தேறியவர்கள், தேறாதவர்கள், கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள், குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள் என எல்லாரும் ஓராண்டில் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போகிற இடம் அது. எங்கள் சிதம்பரம் கிளையில் நர்சிங் உதவியாளர், தையல், கம்ப்யூட்டர் படிப்புகள். முதுநகர் கிளை துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அங்கே வெல்டிங்கும் போட் எஞ்சின் மெக்கானிக் படிப்பும்.

எங்கள் ஆசிரியர்களில் பாதிப்பேர் தொழிலிலிருந்து நேராக வகுப்பறைக்கு வந்தவர்கள். வேலை தெரியும். ஆனால் முப்பது பேரை உட்காரவைத்து அந்த வேலையைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. என் பதவி அதற்காகத்தான். அதில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, வகுப்பைப் பார்த்து மதிப்பிடுவது. அது கோப்பில் ஏறும். ஆண்டு இறுதியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது நிர்வாகக் குழு அதைப் படிக்கும். மற்றது, புதன்கிழமை மதியம் நடந்த ஆதரவு நேரம். யாரும் வந்து எதையும் சொல்லலாம். உடம்பு, வீடு, பயம் எதுவானாலும் சரி, அங்கே சொன்னது கோப்பில் ஏறாது. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

எனக்குக் கிடைத்த பயிற்சி குறைவு. வெளியூரில் ஒரு பயிலரங்கு, ஒரு தடித்த கையேடு, அதன் பிறகு ரெஜினா மேடம்.

ரெஜினா மேடம் எங்கள் முதல்வர். பல ஆண்டுகள் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். திட்டு வாங்குபவர்தான் முன்னால் சாய்ந்து காதைக் கொடுக்க வேண்டும். அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. நாம் அவசரப்பட்டு எதையாவது சொன்னால், நம்முடைய கடைசி வாக்கியத்தை அப்படியே நிதானமாகத் திருப்பிச் சொல்வார். மறுப்போ கேள்வியோ இராது. அவர் வாயிலிருந்து கேட்கும்போது நம் வாக்கியத்தில் எங்கே ஓட்டை என்று நமக்கே தெரிந்துவிடும்.

சேத்தியாத்தோப்பிலிருந்து வந்துபோகும் கம்ப்யூட்டர் ஆசிரியை வாசுகியின் வகுப்பை முதன்முதலாகப் பார்த்துவிட்டு நான், “அவுங்களுக்குப் பாடம் எடுக்குறதுல ஆர்வமே இல்ல மேடம்” என்றேன். கம்ப்யூட்டர்கள் அணைந்து கிடக்க, மணி அடிக்கும் வரை நோட்ஸ் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். ரெஜினா மேடம், “ஆர்வமே இல்ல” என்று திருப்பிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் போய் வாசுகியை ஆதரவு நேரத்துக்குக் கூப்பிட்டேன். பிரசவ ஆபரேஷனுக்குப் பிறகு முதுகு வலி. பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதால் முதல் பீரியடில் நிற்க முடியவில்லை. நோட்ஸ் சொன்னால் மட்டும்தான் உட்காரலாம். கால அட்டவணையில் அவருடைய முதல் பீரியடை மூன்றாவதாக மாற்றினோம். நோட்ஸ் குறைந்தது. இப்படிப்பட்ட சின்ன வேலைகள்தான் பெரும்பாலும்.

இனி, வகுப்பில் உட்காரும் முறை. முதலிலேயே நாள் சொல்லிவிட வேண்டும். திடீரென்று போய் நிற்கக் கூடாது. எதைக் கவனிக்க வேண்டும் என்று ஆசிரியரே ஒன்றைச் சொல்லலாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் மாணவர்களின் முதுகு மட்டும்தான் தெரியும் என்பதால் பக்கச் சுவரோரம் உட்கார வேண்டும். கையில் நோட்டு கூடாது. வகுப்பு முடிந்த அன்றே ஆசிரியரிடம் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: எதை விடாமல் செய்ய வேண்டும், எதை மாற்ற வேண்டும், கடைசியாக ஒரு கேள்வி. இதை ஃபீட்பேக் என்போம்.

ஃபீட்பேக்கை ஆபீசில் வைத்துச் சொல்லக் கூடாது. இந்த விதிக்குக் காரணம் நான் வருவதற்கு முன்பு நடந்த ஒன்று. ஆபீஸ் அறையில் ஒரு தையல் ஆசிரியையிடம் சொன்ன குறை, தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் காதில் விழுந்து, சாயங்காலத்துக்குள் எதிர் டீக்கடை வரை போய்விட்டது. அவர் அடுத்த நாள் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. அன்று ரெஜினா மேடம் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். ஃபீட்பேக்கை ஆசிரியருடைய இடத்திலேயே, அங்கே ஓடுகிற சத்தத்துக்குள் வைத்துத் தணிந்த குரலில் சொல்ல வேண்டும். தையல் என்றால் மெஷின்கள் ஓடும்போது. வெல்டிங் என்றால் கிரைண்டர் ஓடும்போது. போட் எஞ்சின் என்றால் எஞ்சின் ஓடும்போது. பக்கத்தில் இருப்பவர் வாயசைவைப் பார்க்கலாம், என்ன பேச்சு என்று தெரியாது. எனக்கு அது புத்திசாலித்தனமான வழக்கமாகவே பட்டது. நானும் ரெஜினா மேடம் மாதிரியே குரலைத் தாழ்த்திப் பேசப் பழகிக்கொண்டேன்.

ஹமீது பாய் பரங்கிப்பேட்டைக்காரர். வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் எஞ்சின் ஃபிட்டராக நெடுநாள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். காலைப் பாசஞ்சரில் முதுநகரில் இறங்கி, யாருக்கும் முன்னால் பட்டறைக்கு வந்து எஞ்சினைத் துடைத்துவைத்திருப்பார். அளவுக்கு மீறிய சத்தத்தில் பாடம் எடுப்பார். கரும்பலகையில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் குறுக்கே வெட்டி வரைந்தால் புத்தகத்தில் அச்சடித்ததுபோல் இருக்கும். ஒரு கை எப்போதும் எஞ்சின் மேல் இருக்கும். அவருக்கும் வாய் ஓயாத வெல்டிங் ஆசிரியர் செல்வத்துக்கும் மாமா, மச்சான் உறவு. ரத்த உறவு இல்லை, எங்கள் பக்கத்தில் பழகினால் வந்துவிடுகிற உறவு.

மாணவர்கள் எழுதிக் கொடுத்த கருத்தில் அவரைப் பற்றி ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வந்தது. கேள்வி கேட்டால் மதிப்பதில்லை. நானும் சுவரோரம் உட்கார்ந்து அதையேதான் பார்த்தேன். முன்வரிசை கேட்டால் பதில் வரும். பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ கேட்டால் அவர்பாட்டுக்குப் பாடத்தைத் தொடர்வார். மாணவன் இரண்டு முறை கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். பிறகு ஒருநாள், பெல்ட் மூடியைக் கழற்றி வைத்துச் செய்முறை காட்டும்போது ஒரு மாணவனின் சட்டை நுனி பெல்ட்டுக்கும் அதைச் சுற்றும் புல்லிச் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எல்லாரும் நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். ஹமீது பாய் குனிந்தபடி இன்ஜெக்டர் பைப்பை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்துப் பட்டறையிலிருந்து செல்வம் ஓடிவந்து ஸ்டாப் லிவரைத் தள்ளினார். சட்டை கிழிந்ததோடு போயிற்று. கோப்பில் அது ‘அலட்சியம்’ என்று ஏறியது.

நான் அவரிடம் சொன்னது எளிமையான விஷயம். பாடத்தின் நடுவே எஞ்சினை நிறுத்துங்கள், பின்வரிசைக்கு நடந்து போங்கள், கேள்வி வருகிறதா என்று காத்திருங்கள். முதல் முறை, “சரிம்மா, செஞ்சிடலாம்” என்றார். அடுத்த முறையும் அதையே சொன்னார். நான் கோப்பில் எழுதினேன்: ஃபீட்பேக் கொடுக்கப்பட்டது, ஏற்றுக்கொண்டார், மாற்றம் இல்லை. எழுதும்போது எனக்குத் தெரியாத ஒன்று, அந்த வரி எவ்வளவு கனமானது என்பது. எதிர்த்து வாதாடுகிற ஆசிரியரைக் குழு மன்னித்துவிடும். சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் செய்யாமல் இருப்பவரை மன்னிக்காது. ஆண்டு முடிவில் ஹமீது பாயின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று குழுவின் செயலாளர் சொல்லத் தொடங்கியிருந்தார். பாய்க்கு அந்த வயதில் வேறு வேலை கிடைப்பது கஷ்டம். மகன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது முறை போனபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். குழுவில் பேசுவதை வெளியில் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். வழக்கம்போல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நான் அவருக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். விடாமல் செய்ய வேண்டியதைச் சொன்னேன், மாற்ற வேண்டியதைச் சொன்னேன். கடைசியாக, உங்கள் பாடத்தில் எந்த இடத்தில் மாணவர்கள் பின்தங்கிவிட்டதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“சரிம்மா, செஞ்சிடலாம்” என்றார்.

கேள்விக்கு இப்படி ஒரு பதிலா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. நழுவுகிறார் என்று நினைத்தேன். எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

“இந்த வருஷத்தோட உங்கள நிறுத்தப் போறாங்க பாய்.”

“சரிம்மா, செஞ்சிடலாம்.”

திரும்பிப் பார்த்தேன். சிரித்த முகத்தோடு எண்ணெய்த் துணியால் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஸ்டாப் லிவரைத் தள்ளினேன். அவருடைய இன்னொரு கை எஞ்சின் மேல் இருந்ததால் நின்றது உடனே தெரிந்துவிட்டது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து, அதே வாக்கியத்தை மெதுவாகச் சொன்னேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது.

“காது எப்பலேந்து பாய் இப்படி இருக்கு?” என்றேன்.

வெல்டிங் பட்டறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். “செல்வத்துக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. எனக்கே இப்பத்தான்.”

“அப்ப ஒங்களோட இருக்கட்டும்மா. வெளில போவ வேணாம்.”

இங்கேதான் எனக்குச் சிக்கல். இதையே புதன்கிழமை மதியம் வந்து சொல்லியிருந்தால் அது ஆதரவு நேரம், நான் வாய் திறக்கக் கூடாது. ஆனால் இது வகுப்பைப் பார்த்த நாளில், மதிப்பீட்டின்போது நான் கண்டது. சொல்லாமல் விட்டால் அவர் அலட்சியக்காரர் என்ற பெயரோடு வேலையை இழப்பார். இல்லையென்றால் வேலையில் நீடிப்பார், அடுத்த முறை பெல்ட்டில் மாட்டுவது சட்டையாக இருக்காது. சொன்னால், அவர் என்னை நம்பிக் கேட்டதை மீறியவள் ஆவேன். கையேட்டில் இதற்கு வழி இல்லை.

“மேடம்கிட்ட சொல்லித்தான் ஆவணும் பாய். ஆனா நீங்க இல்லாம சொல்ல மாட்டேன். ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம்” என்றேன்.

“நீங்களும் அந்த டாக்டர் மாதிரித்தான்” என்றார். எந்த டாக்டர் என்று எனக்குப் புரியவில்லை. துணியை எஞ்சின் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் சில நாட்கள் என்னோடு பேசவில்லை. நான் பட்டறைக்குப் போனால் செல்வத்திடம் ஏதாவது சாமான் வாங்கப் போய்விடுவார். இந்த வாரத்துக்குள் வராவிட்டால் அடுத்த திங்கட்கிழமை நான் போய்ச் சொல்லிவிடுவேன் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க நினைத்து, அதை எழுதாமல், அவர் எதிரில் நின்று நேராகவே சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்துவிட்டு அவரே சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

ரெஜினா மேடத்திடம் முன்கூட்டி எதையும் சொல்லியிருக்கவில்லை. “ஃபேன் வேணாம் மேடம். பாய்க்கு எதிர்ல ஒக்காந்து பேசுங்க” என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை அவர். ஃபேனை நிறுத்தினார். தேரடித் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

ஹமீது பாய் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. கப்பலின் எஞ்சின் அறைக்குள் வேலை. காதில் மாட்டக் கொடுத்ததை வெயிலுக்கும் வேர்வைக்கும் யாரும் மாட்டுவதில்லை. ஆண்டுக்கொரு முறை மெடிக்கல். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டுவார்கள்.

“சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும் மேடம். எனக்குச் சத்தமே வரல. சும்மா ஒக்காந்திருந்தா தெரிஞ்சிடுமேன்னு நானா குத்துமதிப்பா அமுக்கினேன். குத்துமதிப்புன்னு அந்த டாக்டர் கண்டுபிடிச்சிட்டான். அடுத்த மாசமே ஊருக்கு டிக்கெட்டு.”

ஊரில், பிள்ளைகளை விட்டு இருக்க முடியவில்லை, வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். உண்மை மனைவிக்கு மட்டும் தெரியும்.

ரெஜினா மேடம் அவருடைய கோப்பை எடுத்து மடியில் வைத்துப் படித்தார். பிறகு என்னைக் கேட்டார், ஃபீட்பேக்கை எங்கே வைத்துச் சொன்னாய் என்று.

“பட்டறைலதான் மேடம். எஞ்சின் ஓடும்போது. யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு.”

“யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு” என்றார் மேடம் நிதானமாக.

பிறகு ஹமீது பாயைப் பார்த்துச் சொன்னார்.

“அந்தப் பழக்கம் நான் ஏற்படுத்துனது. ரெண்டு தடவ சொன்னோம்னு இதுல எழுதியிருக்கு. ஒங்களுக்குக் கேக்கல. அப்ப நாங்க சொல்லவே இல்லன்னுதான் அர்த்தம்.”

இரண்டு இடங்களிலும் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ‘அலட்சியம்’ என்ற சொல்லையும் அடித்தார். ஆனால் சட்டை மாட்டிய நிகழ்ச்சியை அடிக்கவில்லை. அதைச் சுட்டிக் காட்டி, காது பரிசோதனை எடுத்து வரும்படி சொன்னார்.

“டெஸ்ட்டு மட்டும் வேணாம் மேடம். அந்த டெஸ்ட்டுலதான் ஒரு வேல போச்சு.”

“அங்க ஒங்கள அனுப்புறதுக்காக எடுத்தாங்க. நான் வெச்சுக்குறதுக்காகக் கேக்குறேன். ஆனா வெச்சுக்குவாங்கன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது பாய். கமிட்டி இருக்கு.”

“எடுக்கலன்னா?”

“எடுக்கலன்னா எஞ்சின ஓட்ட விட மாட்டேன். அன்னிக்குச் சட்டையா இல்லாம கையா இருந்திருந்தா, அந்தப் பையன் வீட்டுல நான் என்ன சொல்றது?”

ஹமீது பாய் எழுந்து போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை எடுத்துக்கொண்டார் என்பதைச் செல்வம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் செல்வத்திடமும் அவரே சொல்லிவிட்டிருந்தார்.

ரிப்போர்ட்டில் இருந்த வரைபடம் நான் படித்த எலக்ட்ரானிக்ஸுக்குப் பக்கத்தில்தான் வரும். கனத்த ஓசைகள் ஓரளவு கேட்கின்றன, கூர்மையான ஓசைகள் போய்விட்டன. பேச்சின் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் அந்தக் கூர்மையில்தான் இருக்கின்றன. அதனால் யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அமைதியான அறையில் காது மெஷின் உதவும் என்று டாக்டர் சொன்னார். எஞ்சின் ஓடும் இடத்தில் அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். அங்கே அதைக் கழற்றிவிட்டு, இருக்கிற காதையாவது காப்பாற்ற மூடி போட வேண்டும்.

குழுக் கூட்டத்தில் செயலாளர் கேட்டது நியாயமான கேள்வி. காது கேட்காதவரிடம் எஞ்சினையும் மாணவர்களையும் எப்படி விடுவது? கெட்ட மனிதர் இல்லை அவர். பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நான் ஒரு பட்டியல் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பட்டன், எஞ்சினுக்கு மேலே அவர் கண்ணில் படும்படி ஒரு மஞ்சள் விளக்கு. யார் அமுக்கினாலும் அது எரியும். ஆபத்து என்றால் சுவரில் ஒரு சிவப்புப் பட்டன். அதை அமுக்கினால் டீசல் தானாக அடைபட்டு எஞ்சின் நிற்கும். நாற்காலிகள் எல்லாம் அவர் முகத்துக்கு நேராக, அரைவட்டமாக. பாடம் ஒரு பீரியட் எஞ்சின் இல்லாமல், காது மெஷினோடு. செய்முறை அடுத்த பீரியட். பட்டறையில் எல்லாருக்கும் காது மூடி. அவருக்கு வந்தது அந்தப் பையன்களுக்கும் வரக் கூடாது.

பேசி முடிக்க வெகுநேரம் ஆனது. கடைசியில் ஓராண்டுக்குப் புதுப்பித்தார்கள், ஒரு நிபந்தனையோடு. எஞ்சின் ஓடும் நேரத்தில் இன்னொரு பணியாளர் பட்டறைக்குள் இருக்க வேண்டும்.

முடிவை நான்தான் முதுநகருக்குப் போய்ச் சொன்னேன், எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு. வேலை இருக்கிறது என்றதும் தலையசைத்தார். நிபந்தனையைச் சொன்னதும் முகம் மாறியது.

“எனக்குக் காவலா?” என்றார். “பசங்க முன்னாடி?”

பக்கத்தில் நின்ற செல்வம்தான் பதில் சொன்னார். “காவல்னு ஏன் மாமா நெனைக்கிறீங்க? ஒங்க காதுக்கு நான் டூட்டி பாக்குறேன். என் வாய்க்கு நீங்க டூட்டி பாருங்க. நாம ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு வாத்தியார்.”

“ஒன் வாய்க்கு டூட்டி பாக்க நாலு பேரு வேணும் மச்சான்” என்றார் ஹமீது பாய். சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் வேலைக்கு வந்தார்.

விளக்கையும் பட்டன்களையும் நானும் செல்வமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். படித்த படிப்புக்கு நான் செய்த வேலைகளில் மிக எளிய சர்க்யூட் அதுதான். முதல் நாள் அதைப் பாத்ரூம் போக அனுமதி கேட்கவே அமுக்கினார்கள். பிறகு ஒருவன் இன்ஜெக்டர் நாசில் ஏன் அடைக்கிறது என்று கேட்க அமுக்கினான். பாய் அவனிடம் நடந்துபோய் முகத்தைப் பார்த்து நின்று பதில் சொன்னார். அது முடிவதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடியும். அந்தப் பீரியடில் பாடம் ஒரு பக்கம்கூட நகரவில்லை.

“இவ்ளோ கேள்விய இத்தன நாளா எங்கடா வெச்சிருந்தீங்க?” என்றார் பாய்.

“கேட்டுக்கிட்டுத்தான் சார் இருந்தோம்” என்றான் பின்வரிசைப் பையன். கிண்டலாகச் சொல்லவில்லை.

ஹமீது பாய் எஞ்சின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போனார்.

அந்த ஆண்டே எங்கள் முறையை மாற்றினோம். ஃபீட்பேக்கை எல்லா மெஷினையும் நிறுத்திய பிறகு, கதவைச் சாத்தி, எதிரெதிரே உட்கார்ந்து சொல்வது. சொல்லி முடித்ததும், சரியா என்று கேட்பதில்லை. நான் சொன்னதை அவர்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லக் கேட்பது. இதைச் செய்யத் தொடங்கியதும் காது நன்றாகக் கேட்பவர்களில்கூடப் பலர் நான் சொல்லாததைத்தான் திருப்பிச் சொன்னார்கள். ஆதரவு நேரத்தை என்னிடமிருந்து எடுத்து நர்சிங் ஆசிரியை ஒருவரிடம் கொடுத்தோம். மதிப்பிடுபவரும் மனம்விட்டுப் பேசக் கேட்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று ரெஜினா மேடம், தான் ஓய்வு பெறுவதற்கு முன் விதியாகவே எழுதிவைத்தார்.

பிரியாவின் வீடியோக்களைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. நன்றாகத் தயாரித்திருக்கிறார்கள். வாசுகி போன்றவர்கள் பஸ்ஸிலேயே பார்த்துவிடலாம். ஒவ்வொரு வீடியோவின் கீழும் ‘முடித்தேன்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. எல்லாரும் முடித்துவிட்டதாகத் திரையில் காட்டுகிறது. வாரத்துக்கு இரண்டு பேரையாவது கூப்பிட்டு என்ன பார்த்தார்கள் என்று அவர்கள் வாயால் சொல்லக் கேள் என்று அவளிடம் சொன்னேன். கேட்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள்.

இப்போதைய நிலவரம் இது. ஹமீது பாயின் ஒப்பந்தத்தை இந்த ஆண்டும் புதுப்பித்திருக்கிறார்கள். பாடத்துக்குக் காது மெஷின் போடுகிறார், செய்முறைக்குக் கழற்றுகிறார். விளக்கு வந்த பிறகு பெல்ட்டில் யாருடைய சட்டையும் மாட்டவில்லை. அதனால், இன்னொரு பணியாளர் கூட இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லி அவர் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார். குழு ஒவ்வோர் ஆண்டும் முடியாது என்கிறது. நான் பதவியில் இருந்தவரை என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். குழுவிடம் சொல்வதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் அவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுத்த ஆண்டும் கேட்பார்.